இந்த மாதம் இருபத்தாறு ட்ரிப்

"கம்பெனிய மூடப்போறாங்கன்னு எவன் மாமே உனக்குச் சொன்னான்? இந்த மாசம் மட்டும் இருபத்தாறு ஏர்போர்ட் ட்ரிப் அடிச்சிக்கீறேன்!"

ஜெகன் இதைச் சொன்னபோது டீக்கடையில் நின்றிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடுவதைப் பற்றி யார் வாய் திறந்தாலும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற காலம்.

திருமுருகன் கையில் மடித்த கடிதம் ஒன்று இருந்தது. ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. இப்போது வாங்குவதைவிடச் சம்பளம் குறைவு. வீடு இருக்கும் கள்ளிக்குப்பத்திலிருந்து போய்ச் சேர இரண்டு மணி நேரம். பதினாறு வருட சர்வீஸ் போய்விடும். ஆனாலும் அது ஒரு வேலை. வருகிறாரா இல்லையா என்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

"ஓவர்டைம் நின்னு நாலு மாசம் ஆச்சு மச்சான். நைட் ஷிப்டு கெடையாது. கேன்டீன்ல முட்டையக்கூட நிறுத்திட்டானுங்க."

"முட்டைய வச்சி கம்பெனிய எட போடாதே மாமே. பிளேன் டிக்கெட்ட வச்சிப் போடு."

ஜெகன், திருமுருகனின் மனைவி ரேவதிக்குத் தம்பி. திருமுருகன் மெஷின் ஓட்டும் அதே அம்பத்தூர் தொழிற்சாலைக்குப் பதினோரு வருடமாகக் கார் ஓட்டுகிறான். வெளியூர் விருந்தினரை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவன் வேலை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு பொருளாதாரக் கொள்கையும் உண்டாக்கி வைத்திருந்தான்.

"கையில காசு இல்லன்னா கம்பெனி மொதல்ல எத வெட்டும்? டிக்கெட்டத்தான். ரெண்டு வருஷம் மின்னாடி அறுவது பேர வேலைய வுட்டு அனுப்பிச்சானுங்களே, அப்போ மூணு மாசம் எனக்கு ஒரு ட்ரிப் இல்ல. வண்டியத் தொடச்சிகினு குந்திகினு இருந்தேன். இப்போ பாரு. புனே, கோயமுத்தூரு, ராஜ்கோட்டு. போன வாரம் துருக்கிலேர்ந்து ரெண்டு பேரு. புனேக்குக் காலைல இன்னொரு ஃப்ளைட் வுட்டுக்கீறான். ஏர்லைன்காரன் இன்னா லூசா? அம்பத்தூரு, பூந்தமல்லி, ஒரகடம்னு கம்பெனி ஆளுங்க போய்கினும் வந்துகினும் இருந்தாத்தான் அவனுக்கு சீட்டு ரொம்பும்."

டம்ளர் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர் கஜபதி, "அப்போ நியூஸு பாக்க வாணாம், உன் டீசல் பில்லப் பாத்தா போதும்னு சொல்லு," என்றார்.

"சிரி நைனா, சிரி. ஆர்டர் வந்து ஷிப்டு ஓடுனா உன் டீதான் மொதல்ல விக்கும்." ஜெகன் திருமுருகன் பக்கம் திரும்பினான். "அக்கா இன்னா சொல்லுது?"

"போயிடுன்னுது. சம்பளம் கொறஞ்சா கொறச்சித் துன்னலாம்னுது. நாப்பத்தி நாலு வயசுக்கு மேல உன்ன எவன் கூப்புடுவான்னு கேக்குது."

"அது ஊட்ல கீது, அதுக்கு இன்னா தெரியும்? வர்றவங்க மூஞ்சிய நான் பாக்குறேன்."

திருமுருகனும் பார்த்திருந்தார். "என் மெஷினாண்டயும் வந்தாங்க. பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொன்னாங்க. ஒரு பீஸ எடுத்து அளந்தாங்க. ஒரு மைக்ரான் மாறல. துருக்கிக்காரன் எனக்குக் கை குடுத்தான்."

"அப்புறம் இன்னா மாமே? ஆடிட்டு! பெரிய ஆர்டர் குடுக்கறதுக்கு மின்னாடி கஸ்டமரு இப்டித்தானே வந்து பாப்பான்?"

அது உண்மைதான். திருமுருகன் அப்படிப் பல ஆடிட்டுகளைக் கண்டவர். வெளியூர்க்காரர்கள் வருவார்கள், மெஷினைச் சுற்றி நடப்பார்கள், பீஸை அளப்பார்கள், போய்விடுவார்கள். இரண்டு மாதத்தில் மூன்று ஷிப்டும் ஓடும்.

மணி நாலரை. அவர் கடிதத்தைப் பிரித்து அதிலிருந்த நம்பரை அழுத்தினார்.

"சார், மன்னிச்சிக்கோங்க. நான் வரல."

அந்தப் பக்கம் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. லிஸ்டில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வதாக ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. இவ்வளவுதானா என்பதுபோல் திருமுருகன் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா மாமே, பேயறஞ்ச மாதிரி கீற? நல்ல காரியம் பண்ணிக்கீற," என்று ஜெகன் அவர் தோளைத் தட்டினான். அதற்குள் கேட்டிலிருந்து அழைப்பு வந்தது. கோயம்புத்தூர் விருந்தினர் கிளம்பிவிட்டார்.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. பைபாஸில் கார் வானகரத்தைத் தாண்டும்வரை போனில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஜெகன் கண்ணாடி வழியே சிரித்தான்.

"எங்க மாமா இங்கதான் சார் மெஷின் ஓட்டறாரு. இனிமே நீங்க அடிக்கடி வருவீங்க இல்ல?"

"இல்லீங்க தம்பி, இன்னும் ஒருக்காத்தான். புனேக்காரங்களும் துருக்கிக்காரங்களும் அவங்கவங்களுக்கு வேணுங்கறத வெல பேசி முடிச்சுட்டாங்க. மிச்சம் பன்னெண்டு மெஷினு எனக்கு. முப்பதாந்தேதிக்குள்ள கழட்டி எடுத்து ஷெட்டக் காலி பண்ணிக் குடுக்கோணும்ங்கறாங்க. இந்தப் பக்கம் கிரேன் வெச்ச லாரிக்காரங்க யாரையாச்சும் உங்களுக்குத் தெரியுங்களா?"