முட்டு எடுத்த பிறகு

புது வீட்டு அடுப்படியில் ஒரு கருங்கல் மேடை. அதன் நடுவே பெரிதாக ஓட்டை அறுத்து, அடிப்பக்கமாக பாத்திரம் கழுவும் எவர்சில்வர் தொட்டி ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பசை காயும்வரை கீழே ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது.

அறுக்கும்போது கல் போட்ட அலறலைத் தொட்டி கேட்டிருந்தது. 'இத்தனையும் எனக்காகத்தானே? இந்தக் கல்லக்கா என்னை எப்படித் தாங்குவாள்?'

"நான் நகர்ந்தா நீ தரையிலதான்டி!" என்று மரக்கட்டை வேறு சிரித்தது.

மறுநாள் மேஸ்திரி வந்து கட்டையைத் தட்டி எடுத்தார். அடைப்பானை மூடிக் குழாயைத் திறந்துவிட்டார். பாரம் ஏற ஏறத் தொட்டி நடுங்கியது.

"அக்கா, என்மேல கோபம்னா இப்பவே சொல்லிடுங்க. நானே விழுந்துடுறேன்."

"கோபம்தான்டி. வலி இன்னும் போகலையே," என்றது கல். "ஆனா நீயும் போயிட்டா எனக்கு மிஞ்சுறது இந்த ஓட்டைதானே? பேசாம ஒட்டிக்கோ."

தொட்டி விளிம்பு முழுவதும் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் தளும்பத் தளும்ப நிறைந்தது. அடியில் தடவிப் பார்த்த மேஸ்திரியின் கையில் ஈரமே இல்லை.