பாத்ரூம் மேல் பழி

"பாத்ரூம்ல சொரசொரப்பா டைல்ஸ் போடுங்கக்கா. அண்ணன் மறுபடியும் வழுக்கி வுழுந்துடப் போறாரு" என்று, அன்புசெல்வனை நலம் விசாரிக்க வந்த, கூட வேலை செய்யும் ரகு சொல்லிவிட்டுப் போனான்.

ஜோதிலட்சுமி கடுப்போடு, குளிக்கக் காத்திருந்த கணவனின் கை மாவுக்கட்டு நனையாமலிருக்கப் பாலிதீன் கவரை மாட்டினாள்.

"அரிக்குதுடி. ஸ்கேல் குடு."

"எதையும் உள்ள உடக்கூடாது. டூட்டிக்குப் போன ஆளு கட்டோட வந்துட்டு, தெனம் தேய்ச்சிக் கழுவுற என் பாத்ரூம் மேல இன்னாத்துக்குய்யா பழி போடற?"

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் சேஃப்டி ஆபீசரான அன்புசெல்வன் குரலைத் தாழ்த்தினான்.

"கம்பெனி வாசல் போர்டுல, 'விபத்தில்லா நாட்கள் 299'ன்னு இருந்தத அழிச்சிட்டு 300 எழுதறப்ப ஸ்டூல்லருந்து வுழுந்தேன். நல்லவேள, யாரும் பாக்கல. உண்மைய சொன்னா, சைபர் எழுத மறுபடியும் நான்தானே அதே ஸ்டூல்ல ஏறணும்?"