அறைந்த கை

"அசையாதேக்கா" என்றான் தம்பி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெந்நீரில் நனைத்த பஞ்சை அக்காவின் இடது காதுக்குப் பின்னால் கொண்டுபோனான். பஞ்சைப் பிடித்திருந்த தன் இடது கையைத்தான் அவன் முப்பத்திரண்டு வருஷமாகச் சபித்துக்கொண்டிருந்தான்.

ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் ஆகிறது. மண்டை எலும்பில் ஒரு சின்ன ஆணியை முறுக்கி, அதன் தலை மட்டும் தோலுக்கு வெளியே தெரியும்படி விட்டிருந்தார்கள். எலும்பு அந்த ஆணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட பிறகு, அதன் மேல் காது மெஷினை மாட்டுவார்கள். சத்தம் எலும்பு வழியாகவே உள்ளே போய்விடும். மாட்டுகிற நாள் நாளை.

தம்பி தையல்காரன். முதல் நாள் கட்டைப் பிரித்தபோது, "என்னக்கா, உன் தலையில டிச் பட்டன் வெச்சுத் தெச்சிருக்காங்க!" என்று ஜோக்கடித்தான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

அன்றிலிருந்து கடையை அரை நாள்தான் திறந்தான். அந்தப் பக்கம் படுத்தால் ஆணி அழுத்துமே என்று, நடுவில் குழி விட்ட தலையணை ஒன்று தைத்தான். குழி சிறிசு என்று அவள் முகம் சுளித்ததும் பிரித்து மறுபடி தைத்தான். தலை சுற்றுகிறது என்றால் பாத்ரூம் வாசல்வரை கூடவே போய் நின்றான். "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்து வீட்டம்மா வாயாரப் புகழ்ந்தாள். இதற்கு நாலு திட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதே தேவலை என்றிருந்தது அவனுக்கு.

விஷயம் இதுதான். அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பத்து. ஏதோ சண்டையில் அக்காவை அறைந்துவிட்டான். மறுநாள் அவளுக்கு ஜுரம். ஜுரம் விட்டபோது காதில் சீழ். சீழ் வற்றியபோது காது போயிருந்தது. அம்மா கடைசிவரை அந்தப் பாழாய்ப்போன ஜுரத்தைத்தான் திட்டினாள். அவன் வாயைத் திறக்கவே இல்லை.

பிறகு அக்கா டெலிபோன் ஆபீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, காதுப் பரிசோதனையில் தேறாமல் திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது இன்னும் அவன் கண்ணுக்குள் நிற்கிறது. அச்சகத்தில் பிழை திருத்தப் போனாள். அதற்குக் காது தேவையில்லை.

அதனால்தான் துடைக்கும்போதெல்லாம் அந்தக் கேளாத காதோரம் உதட்டை அசைத்து "மன்னிச்சிடுக்கா" என்பான். கேட்காது என்ற தைரியம். நாளையோடு அதுவும் போச்சு.

"டேய், தினமும் அங்க என்னடா முணுமுணுக்கிற?"

கை அப்படியே நின்றது. "உனக்கு... கேட்டுச்சா?"

"எங்க கேட்டுச்சு! மூச்சு படுது. மந்திரம் கிந்திரம் ஓதுறியா?"

பஞ்சைக் கிண்ணத்தில் போட்டான். சுற்றி வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, உன் காது ஜுரத்துல போகல. நான்தான் போக்கடிச்சேன்."

"என்னது?"

"என் சிவப்பு கலர் பென்சிலை நீ உடைச்சிட்டேன்னு, நேரா வந்து ஓங்கிச் செவிட்டுல ஒண்ணு விட்டேன்ல? மறுநாளே உனக்கு ஜுரம். அம்மாகிட்ட சொல்ல பயம். உன்கிட்ட சொல்ல அதைவிட பயம். உன் வேலை போனது, எல்லாமே என் கையாலதான்க்கா. இனிமே நீ என்கூட பேசலேன்னாலும் பரவாயில்ல." சட்டென்று நிமிர்ந்தான். "இல்ல, பொய் சொல்றேன். பேசாம மட்டும் இருந்துடாதே."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நாற்பதை நெருங்குகிற ஆள், ஏழு வயதுப் பையனாகக் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தான்.

"நீ அறைஞ்சது நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் கடைசியில். "ரெண்டு நாள் எரிஞ்சுது."

அவன் தலை கவிழ்ந்தது. இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அவனை வளர்த்து, தையல் கற்க அனுப்பி, கடை வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"எழுந்திரு. எப்படி அறைஞ்ச? செஞ்சு காட்டு."

"ஐயோ, வேண்டாம்க்கா..."

"காட்டுடான்னா!"

எழுந்து அவள் எதிரே நின்றான். அந்தப் பாழாய்ப்போன இடது கை உயர்ந்து அவள் முகத்தருகே போனது; தொடுமுன் நின்றுவிட்டது. அக்கா அதை எட்டிப் பிடித்து, அறை விழுந்த இடத்திலேயே அழுத்தி வைத்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. உதட்டில் மட்டும் சிரிப்பு.

"இது நல்ல காதுடா."