படமாகிப் போன முகவரி

“பக்கத்தைத் தூக்கிருங்க. இனிமே நான் வாசிக்கிறதா இல்ல.”

“அட, கேளு சபியா, ஒங் கொரலுக்கு…”

“என்னத்தக் கேக்குறது? புள்ளைகளுக்கு எங் கொரலு சலிச்சுப்போச்சு. ஒரு மெயிலக்கூடக் காணோம்.”

“இப்ப போடுற சத்தம் கோரிப்பாளையம் சிக்னல் வரைக்கும் கேக்குதே, இதுவா சலிச்ச கொரலு?”

உமர் பாரூக் சிரித்தார். சபியா சிரிக்கவில்லை.

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் பிடித்துக்கொண்ட வேலை இது. கல்லூரிப் பாடப் புத்தகங்களைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்வாள். கணவர் அதை இணையப் பக்கத்தில் ஏற்றுவார். வருசா வருசம் புதுப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் இருக்கும் அவள் ஐடிக்கு மெயில் அனுப்பிக் கேட்பார்கள். ‘டீச்சரம்மா, வரலாறு இன்னும் வரலியே’ என்று உரிமையாய்ச் சிணுங்குவார்கள்.

பரீட்சை நெருங்குகிற நேரம். வழக்கமாய் மெயில் வந்து குவியும். இந்தத் தடவை ஒன்றுகூட இல்லை.

பெருநாள் கழிந்து அவள் பல்செட் பொருத்தினாள். மெயில் நின்றதும் அப்போதுதான். நேற்றெல்லாம் பழைய பதிவையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். புதியதில் லேசாகக் காற்று இரைந்தது. அதுதான் காரணமென்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

“மெயில் வரலேன்னா நிம்மதின்னு சொல்லு. முன்ன எம்புட்டுக் குப்ப! லாட்டரி விழுந்துருச்சு, லோன் வேணுமா… அம்புட்டையும் நாந்தான் நிறுத்துனேன்.”

“நீங்களா? எப்புடி?”

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெருநாள் வாரத்தில் செய்த வேலையை இப்போதுதான் சொல்ல வாய்த்தது.

“ஊர்ப்பட்ட பக்கத்தையும் மேஞ்சு மெயில் ஐடியை அள்ளிட்டுப் போறதுக்குன்னே புரோகிராம் இருக்கு. எழுத்தா இருந்தாத்தான் அது வாசிக்கும். அதான் எழுத்தை எடுத்துட்டு, ஒன் ஐடியைப் படமாப் போட்டுட்டேன். இனி எந்த மெஷினாலயும் வாசிக்க முடியாது. மனுசங்க மட்டும் பாத்துப் படிச்சுக்கிறலாம்.”

போனில் பக்கத்தைத் திறந்து அவள் முன்னே நீட்டினார்.

படம் அழகாகத்தான் இருந்தது. பச்சை எழுத்து, சுற்றிலும் ரோசாப்பூ. சபியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

அவள் குரல் தணிந்து வந்தது.

“ஏங்க, எம் புள்ளைகளுக்கு எல்லாத்தையும் போன்தான வாசிச்சுச் சொல்லும். அதுல எந்தப் புள்ளைக்குங்க கண்ணு தெரியும்?”