ஏழு மணிப் பூ

"அப்பா, உள்ள இருக்கிற சவ்வைக் குச்சியால மெதுவாத் தூக்குங்க. மகரந்தத்தைக் கீழ அழுத்துங்க. அவ்வளவுதான்!"

போனில் மகள் முகம் தெரிந்தது. வேலைக்காக வெளியூர் போகுமுன் அவள் பால்கனியில் வைத்த வெனிலாக் கொடி இந்த வருஷம்தான் பூத்திருக்கிறது. தினம் காலையில் ஒரு பூ; மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் கையால் மகரந்தம் சேர்த்தால்தான் காய்க்கும்.

"ஐயோ, கை நடுங்கிடுச்சும்மா! இதுதான் கடைசிப் பூ. இனி மொட்டே இல்ல."

"பரவாயில்லப்பா," என்று மகள் போனை வைத்தாள்.

இருபது நாளாகத் தினம் காலை ஏழு மணிக்கு இதே கூத்து. "ஒரு காய்க்கு வழியில்ல" என்று முணுமுணுத்தபடி இலைகளை விலக்கிய அம்மா வாயடைத்துப் போனாள். பின்னால் பீன்ஸ் போல, சிறிதும் பெரிதுமாய், பச்சைப்பசேலென்று, பத்தொன்பது காய்கள்! திரும்பினால், அப்பா கடைசிப் பூவை ஒரே நொடியில் முடித்துவிட்டுக் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதெல்லாம் எப்போ?"

"அவ போனை வச்சதும். முதல் நாளே கத்துக்கிட்டேன்னா மறுநாள் கூப்பிடுவாளா?"

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாப்பது வருஷம் வாட்ச்சுக்குள்ள முடி மாதிரி ஸ்பிரிங் மாட்டின கை நடுங்குதாம்! ஸ்கூல் விட்டதும் உங்க மேஜை ஓரத்துல உக்காந்து, மூச்சு விடாம அதைப் பாத்துக்கிட்டே வளந்தவ... அவ நம்பியிருப்பாளா?"

அப்பா குச்சியைச் சட்டைப் பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

மறுநாள் கொடியில் ஒரு பூவும் இல்லை. சரியாக ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா, குச்சியை எடுத்துட்டு வாங்க," என்றாள் மகள்.