மடங்கிக் கிடந்த கால்

"ஓம் ஹாஜியார், நாந்தான் தோண்டினன். பட்டப் பகல்ல, அசர் தொழுகைக்குப் புறகு. ஒளிச்சுச் செய்யல்ல."

பள்ளிவாசல் காரியாலயத்துல இருந்த எல்லார்ர முகமும் சுருங்கிச்சு. தலைவர் அப்துல் ஹமீட் ஹாஜியார் தொப்பியக் கழட்டி மேசையில வெச்சார். கோபம் வந்தா அவர் அப்பிடித்தான்.

"மையவாடியில கபுறுகளக் காவல் பாக்கத்தான் உன்னய வெச்சம் பக்கீர். கிளறிப் பாக்கவா வெச்சம்?"

"நூஹுட கால் ஹாஜியார்..."

"கால்தான். அடக்கினா அதுவும் மையித்து மாதிரித்தான்."

பக்கத்துல அதாவுல்லா தலையாட்டினான். மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து என்னயக் காட்டிக் குடுத்தவன் அவன்தான்.

"இண்டைக்கு நூஹுட கால். நாளைக்கு ஒராள் வந்து, எங்கட வாப்பாக்குக் கழுத்து நோகுதாம், ஒரு தலவணி வெச்சு உடுங்க எண்டா, அதையும் செய்வீங்களா காக்கா?"

ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. போறது என்ட வேல இல்லாட்டி நானும் சிரிச்சிருப்பன்.

நூஹு வெள்ளாம வெட்டப் போன எடத்துல மிதிவெடியில கால் போனவன். முழங்காலுக்குக் கீழ ஒண்டுமில்ல. ஆஸ்பத்திரியில வெட்டின கால அவன்ட மச்சான் வெள்ளச் சீலையில சுத்திக் கொண்டு வந்தான். நாந்தான் அடக்கினன்.

சண்ட முடிஞ்சிட்டு. நூஹுட கால் முடியல்ல. இல்லாத கால் நோகுது. பெருவிரல் உள்ளங்காலுக்குள்ள மடங்கி, நகம் சதையில இறங்குதாம். ராவெல்லாம் கத்துவான். ஊர் அத நடிப்பெண்டுது. எல்லாக் குளிசயையும் ஒண்டா முழுங்கிருவன் எண்டு அவன் சொன்ன நாளையிலருந்து, பொஞ்சாதி நஸ்லியா குளிசப் போத்தல அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வெச்சா.

அசருக்குப் புறகு மையவாடி வாசலுக்கு வந்து நிப்பான்.

"காக்கா, ஒருக்காத் தோண்டிப் பாருங்க. உங்கட காலெண்டா உட்டிருவீங்களா?"

நோவுக்குப் பாக்கிற கிளினிக்குக்கு நாந்தான் கூட்டிப் போனன். அங்க சுலோஜனா மிஸ் ஒரு நீளக் கண்ணாடிய அவன்ட ரெண்டு தொடைக்கும் நடுவால நிமித்தி வெச்சா.

"உள்ளுக்குப் பாருங்க தம்பி. ரெண்டு கால் தெரியுதா? நல்ல கால மெல்ல நீட்டுங்க, மற்றதும் நீளும். உங்கட நோவு பொய்யில்ல. கால் போயிட்டு, ஆனா மூளைக்குள்ள அதுக்குரிய இடம் அப்பிடியே கிடக்கு. பழைய நோவையே அது திருப்பித் திருப்பிச் சொல்லுது. ஒவ்வொரு நாளும் நேரான கால அதுக்குக் காட்டுங்க. கொஞ்சம் கொஞ்சமாப் பழகும்."

நூஹு கண்ண இறுக்கி மூடிற்றான்.

"கண்ணாடியில நேராத் தெரிஞ்சு என்ன மிஸ்? மண்ணுக்குள்ள மடங்கித்தானே கிடக்கு? இந்தா, இவர்தான் மடக்கிப் பொதைச்சவர்!"

மிஸ் என்னயப் பாத்தா. நான் நெலத்தப் பாத்தன்.

இவ்வளவையும் கேட்டிட்டு ஹாஜியார் கேட்டார், "அப்ப, அந்த மிஸ்தான் தோண்டச் சொன்னாவா?"

"இல்ல. அவ படிச்சவ."

"மறுகா என்னத்துக்கடா தோண்டின?"

"அவன் கண்ணாடியப் பாக்கோணும் ஹாஜியார். பாக்கிறெண்டா மண்ணுக்குள்ள கால் நேரா இரிக்கோணுமாம். சரியெண்டு தோண்டினன். அவன் மதிலுக்கு வெளிய மற்றப் பக்கம் திரும்பி நிண்டான், பாக்கப் பயம். 'நேராக்கியாச்சு, பெருவிரல் மேல பாக்குது' எண்டு சொன்னன். அந்த எடத்துலயே குந்தி அழுதான். அண்டையிலருந்து கண்ணாடிக்கு முன்னால இரிக்கான். நோவு போகல்ல. கொறைஞ்சிரிக்கி. குளிசப் போத்தல் இப்ப மேசையில கிடக்கு."

ஹாஜியார் தொப்பிய எடுத்துத் திரும்பத் தலையில வெச்சார்.

"உன்ட மனசு வெளங்குது பக்கீர்," எண்டார் ஹாஜியார். "ஆனா கபுறத் தோண்டினா தோண்டினதுதான். ஊருக்கு நாங்க பதில் சொல்லோணும். அந்தக் குழிக்குள்ள என்னத்தக் கண்டாய்? அதையாவது உள்ளபடி சொல்லு."

ஜன்னலுக்கு வெளிய மர வாங்குல நூஹு இருந்தான். எனக்குச் சாட்சி சொல்லவெண்டு வந்தவன், உள்ள எடுக்கல்ல. ஊண்டுகோல் மடியில கிடக்கு. காது முழுக்க இங்கதான்.

"மடங்கித்தான் கிடந்திச்சு ஹாஜியார். அவன் சொன்ன மாதிரியே. நான் சரியா அடக்கல்ல, என்ட பிழ."

பள்ளிக்குள்ள இருந்துகொண்டுதான் சொன்னன்.

தீர்ப்பு சுருக்கமா வந்திச்சு. வேல இல்ல. மையவாடி வாசலடியில நான் படுக்கிற அறைட திறப்பையும் குடுத்திரோணும். குடுத்திட்டன்.

படியால இறங்கக்குள்ள அதாவுல்லா பின்னாலயே வந்தான். காட்டிக் குடுத்த வாய் இப்ப மெதுவாக் கதைச்சிச்சு.

"காக்கா, இப்பதான் யோசிச்சன். நூஹுட கால அடக்கக்குள்ள நானும் நிண்டனே. மேக்கு மூலையில, வேம்படியிலதானே அடக்கின? நீங்க தோண்டினது கிழக்கால, கடல் பக்கம்."

"சத்தமாக் கதைக்காதடா, நூஹுக்குக் கேக்கும்."

"அப்ப அது ஆர்ர கபுறு?"

"என்ட பொஞ்சாதிட."

அவன் என்ட கையப் புடிச்சான்.

"சுனாமியில போனவக்கெண்டு வெட்டினன். மையித்துக் கிடைக்கல்ல, மூடிற்றன். அதுக்குள்ள ஆருமில்ல."

"அப்ப நீங்க ஒரு மையித்துட கபுறையும் தோண்டல்லயே! காக்கா, வாங்க, ஹாஜியாருக்கிட்டச் சொல்லுவம்!"

"பக்கீர் காக்கா!" நூஹு வாங்குல இருந்து கூப்பிட்டான். "கண்ணாடி புடிக்கிற நேரமாச்சு, வாறீங்களா?"

அதாவுல்லாட கைய எடுத்து உட்டுட்டுப் போனன்.