நான்கு தையல்

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பது. மேகமூட்டம், காற்று அனேகமாக இல்லை. கிரேன் ஏறுவதற்கு மிகப் பொருத்தமான நாள்.

அவள் நான்காம் மாடி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அவளுடைய வயிற்றுத் தோலுக்கடியில் பொருத்தப்பட்டிருந்த வட்டமான வலி பம்ப், முகம் உட்புறமாகக் கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து தண்டுவடத்துக்கு மருந்து கொண்டுபோக வேண்டிய மெல்லிய குழாய், உருளையில் சுற்றிய கம்பிவடத்தைப் போலப் பம்பைச் சுற்றிக்கொண்டு, முதுகெலும்பிலிருந்து முற்றிலும் கழன்று வந்திருந்தது.

இது இரண்டாம் முறை.

முதல் முறை கவிழ்ந்தபோது அவர் வயிற்றைத் திறந்து, பம்பை நிமிர்த்தி, நான்கு இடங்களில் தசையோடு சேர்த்துத் தைத்திருந்தார். பம்பின் விளிம்பை ஒட்டித் தோலில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கன்றிய தடம் இருந்ததை அப்போதே கவனித்தார். இடுப்புப் பட்டி அழுத்தியிருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

அந்த நான்கு தையல்களும் விட்டுப்போயிருக்க வேண்டும்.

அவர் முதலில் நூலைச் சந்தேகித்தார். பிறகு உதவி மருத்துவரை. பிறகு, யாரும் இல்லாத நேரத்தில், தம் கையை.

"உடம்பு மெலிஞ்சதுல உள்ள இடம் தளர்ந்துபோச்சும்மா" என்றார் இப்போது. "இந்தத் தடவை வலைப்பையில போட்டுத் தைச்சுடுறேன். குழாயும் புதுசு. அசையவே அசையாது."

கட்டிலருகே நின்ற கணவர் ஒப்புதல் படிவத்தை அவள் மடியில் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். நல்ல மனிதர். பம்ப் வைத்த இந்த மூன்று ஆண்டுகளாக அவளுடைய முனகலைக் கேளாமல் தூங்கியவர்.

பம்ப் வைத்த நாளிலிருந்து அவளுக்கு வலி இல்லை, அது உண்மை. வலியோடு சேர்ந்து வேறு சிலவும் இல்லாமற்போயின. மதியங்கள் போயின. துறைமுகக் கிரேனின் உச்சிக் கூண்டில் அவளுக்கென்று இருந்த இருக்கை போயிற்று. நாற்பது டன் பெட்டியை விரல்கடை அளவுக்கு நகர்த்தி நிறுத்தப் பழகிய கைகள் அவளுடையவை. ஆனால் முதுகுக்குள் மார்ஃபின் சொட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை எந்த மருத்துவச் சான்றும் அந்த உயரத்துக்கு அனுப்பாது. கீழே, வாயில் அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். யாரும் எழுப்பவில்லை. யாரும் எழுப்பாததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பம்பை எடுத்துவிடும்படி இரண்டு முறை கேட்டிருந்தாள். ஒழுங்காக இயங்குகிற கருவியை எடுக்கக் காரணமில்லை என்றார் மருத்துவர். வலி திரும்பினால் யார் பார்ப்பது என்றார் கணவர். இருவரும் கனிவாகத்தான் சொன்னார்கள்.

குழாய் கழன்று மருந்து நின்றபோது அவள் நடுங்கினாள், வியர்த்தாள், வாந்தியெடுத்தாள். கட்டில் கம்பியைப் பற்றிய கையை மட்டும் விடவில்லை. மாத்திரைகளால் அது தணிந்தது. பழைய வலி திரும்பி வந்து, இடுப்பில் தன் பழைய இடத்தில் அமர்ந்தது.

நேற்று, மதியம் முழுவதும் அவள் விழித்திருந்தாள்.

ஒப்புதல் படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். 'பம்பை மீண்டும் பொருத்துதல்' என்ற இடத்தில் நிறுத்தினாள். அதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே, கோணாத எழுத்தில், 'பம்பை முழுவதுமாக அகற்றுதல்' என்று எழுதினாள்.

கணவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? வலிச்சா என்ன பண்ணுவ?"

"கத்துவேன். நீங்க பக்கத்து ரூம்ல போய்ப் படுத்துக்குங்க."

"கிரேன் அக்கா இன்னிக்குக் கீழ இறங்க மாட்டாங்க சார்" என்ற செவிலி, சிரிப்பை மறைக்க மருந்து வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருத்துவர் பொறுமை இழக்கவில்லை. "சரிபண்ணிடலாம்மா. எடுத்துட்டா மறுபடி வைக்கிறது லேசு இல்ல."

"மறுபடியும் கவுந்துச்சுன்னா?"

"கவுறாது."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

அவர் படத்தை மீண்டும் பார்த்தார். தைத்த பிறகும் கவிழ்ந்த பம்பை அகற்றுவதில் மருத்துவ முறைப்படி பிழையேதும் இல்லை என்பதை அவர் அறிவார். இந்த முறை அவளிடம் ஒரு காரணம் இருந்தது.

படிவத்தை வாங்கி, அடித்த இடத்தின் ஓரத்தில் தம் சுருக்கொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என் தையல் நின்னிருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது. தப்பு என்னுதுதான்."

கணவர் தலைகுனிந்தார். அவள் கையெழுத்திட்டாள், தேதியிட்டாள். பேனாவை மூடிக் கணவரிடம் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே மரங்களில் ஓர் இலையும் அசையவில்லை.

படிவத்தை மருத்துவரின் கையில் வைத்தாள்.

"உங்க தையல் நல்ல தையல், டாக்டர். கட்டைவிரலால அதைப் பிரிக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு."